ஆறு அல்பங்களுக்குப் பணம் கையில் இருக்கிறது: அண்மையில் வெளியானவற்றில் எவற்றை வாங்கலாம்?

உவர்மலைக் கேட்போன் எழுதியது:

வணக்கம். திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒவ்வொரு மாதமும் கடைசிச் சனிக்கிழமை மாலை ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். ஓர் அல்பத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை யாரும் வாய் திறக்காமல் கேட்பதும், பிறகு தேநீரும் வடையுமாக இருந்து அதைப் பற்றி வாதாடுவதும் எங்கள் வழக்கம். இதுவரை கேட்டவை பெரும்பாலும் பழையவை. என் மூத்த சகோதரர் வெளிநாடு போகும்போது விட்டுச் சென்ற இறுவட்டுப் பெட்டிதான் எங்கள் நூலகம். அந்தப் பெட்டி சென்ற மாதத்தோடு தீர்ந்துவிட்டது.

எங்களில் ஒருவர், ஓய்வூதிய நிலுவையாகக் கிடைத்த பணத்தில் ஒரு பகுதியைத் தந்து, இனிமேல் புதியவற்றைக் கேட்போம், ஆறு அல்பங்களை விலை கொடுத்தே வாங்குங்கள் என்று கட்டளையிட்டிருக்கிறார். உலக இசை, சோல் (கறுப்பின அமெரிக்கரின் தேவாலயப் பாட்டில் இருந்து வளர்ந்த இசை), ஜாஸ், நாட்டார் வேர்களில் இருந்து எழுந்த இசை ஆகியவற்றில், 2023 தொடக்கம் இன்று வரை வெளியானவற்றில் எவற்றை வாங்கலாம் என்று அறிய விரும்புகிறேன். பாடல் எந்த மொழியில் இருந்தாலும் கவலையில்லை. ஆனால் ஒன்றிரண்டு நல்ல பாட்டுகளோடு மிச்சத்தை நிரப்பிய அல்பம் வேண்டாம். முழுவதும் இருந்து கேட்கப் பொறுமை தருவதாக இருக்க வேண்டும்.

சிறிய விடயம் போலத் தோன்றினாலும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த மாதங்களில் கச்சான் காற்றின் வெக்கையில் மின்விசிறி இல்லாமல் விறாந்தையில் இருக்க இயலாது. எங்களுடைய ஒலிபெருக்கிகளும் பழையவை. மிக மெல்லிய ஒலியில் நகரும் இசை எங்களிடம் தோற்றுப்போகும்.

புதியவை வெளிவரும் செய்தியை நீங்கள் எவ்வாறு அறிகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஸ்பொட்டிபை நான் ஒருமுறை கேட்டதையே வேறு வேறு தட்டில் வைத்துத் திரும்பத் திரும்பப் பரிமாறுகிறது.

நிலாவெளிக்காரன் எழுதியது:

ஐயா, மின்விசிறியில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பயன்பட்ட தகவல் அதுதான்.

எந்த விசிறியையும் வெல்லக்கூடியது, நைஜர் நாட்டின் துவாரெக் இனத்துக் கிற்றார் கலைஞர் எம்டூ மொக்தார் 2024 மே மாதம் வெளியிட்ட 'ஃபியூனரல் ஃபோர் ஜஸ்டிஸ்'. தன் முதல் கிற்றாரைச் சைக்கிள் கம்பிகளை நரம்பாகக் கட்டித் தானே செய்துகொண்டவர். இடது கையால் வாசிப்பவர். பிரான்ஸ் தன் பழைய குடியேற்ற நாடுகளில் இன்னும் விட்டுவைத்திருக்கும் பிடியையும், தங்கள் தமஷேக் மொழி தேய்ந்து போவதையும் பற்றிக் கோபத்தோடு பாடுகிறார். கிற்றார் முதல் நொடியிலேயே சீறத் தொடங்குகிறது, கடைசி வரை ஓய்வதில்லை. இதற்கு ஓர் இணை அல்பமும் உண்டு. 2023 ஜூலையில் நைஜரில் இராணுவப் புரட்சி நடந்தபோது இசைக்குழு அமெரிக்காவில் பயணத்தில் இருந்தது. எல்லைகள் மூடப்பட்டதால் ஊர் திரும்ப முடியவில்லை. அந்தக் காலத்தில் அதே பாடல்களை மின்கருவிகள் இல்லாமல், அமர்ந்து பாடுவது போலப் பதிவு செய்தார்கள். அது 2025 பெப்ரவரியில் 'டியர்ஸ் ஒஃப் இன்ஜஸ்டிஸ்' என்ற பெயரில் வந்தது. வீட்டுக்குப் போகும் பாதை திடீரென்று அடைபடுவது எப்படி இருக்கும் என்று எங்கள் மாவட்டத்தில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முதலாவதில் கோபமாகக் கேட்ட அதே வரிகள் இரண்டாவதில் ஒப்பாரியாகக் கேட்கின்றன. ஆறில் இரண்டை ஒரே ஆளுக்குக் கொடுப்பது அநியாயம் என்று உங்கள் குழுவினர் சொல்லலாம். ஆனாலும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரு பாட்டு என்பது என்ன என்ற கேள்வியிலேயே ஒரு மணி நேரம் வாதாடுவீர்கள்.

சோல் இசையில் பலரும் மைக்கேல் கிவனூக்காவின் 'ஸ்மோல் சேஞ்சஸ்' அல்பத்தைச் சொல்வார்கள். உகண்டாவில் இருந்து வந்த பெற்றோருக்கு லண்டனில் பிறந்த அவர் 2024 நவம்பரில் வெளியிட்ட அது அழகானதுதான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பேசுவதற்கும் அதிகம் இல்லை. உங்கள் கூட்டத்துக்கு நான் அமெரிக்கப் பாடகி மிஷெல் என்டெகியோசெல்லோவின் 'நோ மோர் வோட்டர்' என்பதையே பரிந்துரைப்பேன். எழுத்தாளர் ஜேம்ஸ் போல்ட்வினின் நூற்றாண்டுப் பிறந்தநாளான 2024 ஓகஸ்ட் 2 அன்று புளூ நோட் நிறுவனம் வெளியிட்டது. போல்ட்வினின் எழுத்தை ஒரு வேதாகமம் போல முன்னால் வைத்துக்கொண்டு, பாட்டும் பிரசங்கமும் கவிதை வாசிப்பும் கலந்து கட்டிய ஒரு வழிபாடு அது. 2016இல் ஹார்லெமில் மேடை நிகழ்வாகத் தொடங்கி எட்டு ஆண்டுகள் ஊறிய பிறகே தட்டாகியிருக்கிறது, அந்த ஊறல் காதுக்குத் தெரிகிறது. உபதேசம் அதிகம் என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். எனக்கும் ஓரிரு இடங்களில் அப்படித் தோன்றியது.

டைக் வீதி எழுதியது:

இந்தியச் செவ்வியல் இசையை ஜாஸோடு கலக்கும் சக்தி குழுவின் 'திஸ் மோமென்ட்' அல்பத்தை இன்னும் யாரும் சொல்லவில்லை. 1977இல் வெளியான 'நச்சுரல் எலிமெண்ட்ஸ்' அல்பத்துக்குப் பிறகு, நாற்பத்தைந்து ஆண்டுகள் கடந்து 2023இல் வந்த அவர்களின் கலையகப் பதிவு. 2024 பெப்ரவரியில் கிராமி விருதும் பெற்றது. அதன் தபலாக் கலைஞர் சாகிர் ஹுசைன் 2024 டிசம்பரில் மறைந்துவிட்டதால், அந்தக் குழு இனி இந்த வடிவில் இல்லை. இதை வாங்காமல் வேறு எதை வாங்குவது?

ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை எழுதியது:

டைக் வீதித் தம்பிக்கு என் மறுப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். செல்வகணேஷின் கஞ்சிராவையும் சாகிர் ஹுசைனின் தபலாவையும் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆயினும் அந்த அல்பத்தின் பெரும்பகுதி, கலைஞர்கள் வெவ்வேறு ஊர்களில் இருந்தபடி தத்தம் பகுதியைப் பதிவு செய்து பிறகு ஒன்றாக இணைக்கப்பட்டது. கச்சேரி மேடையில் தனியாவர்த்தனம் நடக்கும்போது ஒருவரின் கண்ணை மற்றவர் பார்த்து, ஒரு கோர்வை எங்கே விழப்போகிறது என்று தவிக்கும் அந்தத் தவிப்பு இதில் இல்லை. கணக்கு எல்லாம் சரியாக இருக்கிறது, பதற்றம்தான் இல்லை. 1970களில் விநாயக்ராமின் கடத்தோடு அவர்கள் பதிவு செய்தவற்றைக் கேட்டுவிட்டு இதைக் கேட்டால் நான் சொல்வது விளங்கும். பணம் மிச்சம் இருந்தால் வாங்குங்கள். ஆறுக்குள் அடக்க வேண்டாம்.

நான் சொல்ல வந்தது கானவ்யா என்னும் பாடகியைப் பற்றி. நியூயோர்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 2024 நவம்பரில் வெளிவந்த 'டோட்டர் ஒஃப் எ டெம்பிள்' அல்பத்துக்காக ஹியூஸ்டன் நகரில் முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களை ஒன்றுகூட்டிப் பாடியிருக்கிறார். பியானோக் கலைஞர் விஜய் ஐயர், ஷபாகா ஹட்சிங்ஸ், எஸ்பெரான்சா ஸ்போல்டிங் எல்லாரும் அதில் உண்டு. கச்சேரி என்பதைவிடப் பஜனை மடத்தில் எல்லாரும் சேர்ந்து இருந்ததன் பதிவு என்றே அதைச் சொல்ல வேண்டும். இருமலும் சிரிப்பும் கேட்டால் திடுக்கிட வேண்டாம். 2025இல் வந்த 'நிலம்' அதற்கு நேர் எதிரானது. குரலோடு ஹார்ப்பும் இரட்டைப் பாஸும் மட்டும் போல அவ்வளவு அடக்கம். தமிழ்ச் சொல்லை வேகப்படுத்தாமல், ஒவ்வோர் அசையும் இறங்கி நிற்கும் வரை காத்திருந்து பாடுகிறார். ஆனால் உங்கள் விசிறி 'நிலத்தை' விழுங்கிவிடும் என்பது உறுதி.

'டோட்டர் ஒஃப் எ டெம்பிள்' அல்பத்தைத் திருகோணமலையில் இருந்து கேட்பவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கானவ்யா அதில் அமெரிக்க ஜாஸ் ஹார்ப் கலைஞர் அலிஸ் கோல்ட்ரேனின் 'ஜேர்னி இன் சச்சிதானந்தா' என்ற உருவை எடுத்துப் பாடுகிறார். 1967இல் கணவரான சக்ஸபோன் கலைஞர் ஜோன் கோல்ட்ரேனை இழந்த பிறகு, அலிஸ் துயரத்தில் மூழ்கியிருந்த காலத்தில் அவருக்குக் குருவாக வாய்த்தவர் சுவாமி சச்சிதானந்தர். 1914இல் கோயம்புத்தூருக்கு அருகே செட்டிபாளையத்தில் பிறந்து, ரிஷிகேசத்தில் சிவானந்தரிடம் துறவு பெற்று, 1950களில் இலங்கைக்கு வந்து, முதலில் எங்கள் திருகோணமலையிலும் பிறகு கண்டியிலும் ஆசிரமம் நடத்தியவர். 1966இல் அமெரிக்கா சென்றார். 1969இல் வூட்ஸ்டொக் இசை விழாவைத் தொடக்கி வைத்த காவியுடைத் துறவி அவர்தான். அலிஸ் 1970 முடிவில் அந்த உருவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட அல்பத்தைப் பதிவு செய்த கையோடு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஐந்து வாரப் பயணம் புறப்பட்டார். எங்கள் ஊரில் மூத்தவர்கள் சத்சங்கத்தில் பார்த்த ஒரு சுவாமியின் பெயர் ஜாஸ் வரலாற்றின் பெரும் தட்டுகளில் ஒன்றின் தலைப்பாக இருப்பது, முப்பது ஆண்டுகள் சங்கீதம் கற்பித்த எனக்கே அறுபது வயதுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

எனவே நான் சொல்லும் அல்பம், அலிஸ் கோல்ட்ரேனின் 'த கார்னகி ஹோல் கொன்சேர்ட்'. 1971 பெப்ரவரி 21 அன்று, சச்சிதானந்தரின் யோக நிறுவனத்துக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சியில் வாசித்தது. முழுமையாக வெளியிடப்பட்டது 2024இல். இரண்டு பாஸ், இரண்டு டிரம்ஸ், சக்ஸபோனில் ஃபேரோ சாண்டர்ஸ், ஆர்ச்சி ஷெப் என்று மேடை நிறைந்த கூட்டம். முதற்பாதி ஹார்ப்பின் அலையில் மிதக்கிறது. பிற்பாதியில் 'ஆபிரிக்கா' என்ற உருவை ஏறக்குறைய அரை மணி நேரம் வாசிக்கிறார்கள். அங்கே விசிறி மட்டுமல்ல, துறைமுகத்துக் கப்பலின் சங்கொலியும் எடுபடாது. ஐம்பது ஆண்டுக்கு முந்திய வாசிப்பு எப்படிப் புதிய வெளியீடாகும் என்று உங்கள் குழுவில் ஒருவர் கட்டாயம் கேட்பார். கேட்கட்டும், தேநீர் நேரத்துக்கு ஆகும்.

பாலையூற்றுப் பக்கம் எழுதியது:

ஆசிரியை அவர்களின் பதிவைப் படித்துவிட்டுச் சச்சிதானந்தரைப் பற்றி என் தாயாரிடம் கேட்டேன். அவர் கதையைத் தொடங்கி இன்னும் முடிக்கவில்லை.

கேள்வியில் வந்த 'உலக இசை' என்ற சொல்லைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பு. 1987 கோடையில் லண்டனில் ஒரு மதுச்சாலையின் மேல்மாடியில், சிறிய இசைத்தட்டு நிறுவனங்களின் ஆட்கள் கூடி, கடைகளில் எந்த அடுக்கில் வைப்பது என்று தெரியாத தட்டுகளுக்கு ஒரு பொதுப் பெயர் வேண்டும் என்று தெரிந்தெடுத்த வியாபாரப் பெயர் அது. ஆங்கிலேயர் பாடினால் அதற்குத் தனித்தனிப் பெயர், மற்ற எல்லாரும் பாடினால் உலகம். கிராமி விருதுக்குழுவும் 2020இல் அந்தச் சொல்லைக் கைவிட்டு 'குளோபல்' என்று மாற்றிக்கொண்டது. பலகையை மாற்றினார்களே தவிர, அடுக்கு அதே அடுக்குத்தான். ஆரூஜ் அஃப்தாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பாகிஸ்தானியப் பெற்றோருக்குப் பிறந்து, பொஸ்டனில் ஜாஸ் படித்து, நியூயோர்க்கில் வாழும் அவர் 2024 மே மாதம் வெளியிட்ட 'நைட் ரெய்ன்' அல்பத்தில், பதினெட்டாம் நூற்றாண்டில் ஐதராபாத்தில் வாழ்ந்த பெண் கவிஞர் மஹ் லகா பாயின் உருதுக் கவிதைகளும் இருக்கின்றன, 'ஒட்டம் லீவ்ஸ்' என்ற பழைய ஜாஸ் பாட்டும் இருக்கிறது. அதை எந்த அடுக்கில் வைப்பது? இரவு எட்டு மணிக்குப் பிறகு கேட்க வேண்டிய அல்பம் அது. அந்த நேரம் கடற்காற்று ஏறிவிடும் என்பதால் விசிறியையும் ஓரளவு குறைக்கலாம்.

வேர் இசையில் ரியானன் கிடன்ஸும் ஜஸ்டின் ரொபின்சனும் 2025 ஏப்ரலில் வெளியிட்ட 'வட் டிட் த பிளாக்பேர்ட் சே டு த குரோ' என்பதை வாங்குங்கள். ஒரு பான்ஜோ, ஒரு வயலின், இரண்டு பேர். வட கரோலினாவில், தங்களுக்கு இந்த உருக்களைக் கற்றுக்கொடுத்த ஜோ தொம்சன் என்ற கறுப்பின வயலின் கலைஞரின் வீடு உட்படச் சில இடங்களில் திறந்தவெளியில் இருந்து வாசித்திருக்கிறார்கள். பறவைகளும், 2024இல் பெருங்கூட்டமாகக் கிளம்பிய சில்வண்டுகளும் பதிவில் சேர்ந்து இரைகின்றன. உங்கள் விசிறி அந்தக் கூட்டத்தில் இன்னொரு பூச்சியாகிவிடும். பான்ஜோவை வெள்ளையரின் நாட்டுப்புறக் கருவி என்றே பலரும் நினைக்கிறார்கள். அது மேற்கு ஆபிரிக்கர் அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டபோது அவர்களோடு கடல் கடந்த கருவி மரபில் இருந்து பிறந்தது. கடல் கடந்து வந்த இசை கேட்க நாங்கள் தூரம் போக வேண்டியதில்லை. எங்கள் பகுதிப் பறங்கியர் வீட்டுத் திருமணங்களில் வயலினோடு கபிரிஞ்ஞா வாசித்து ஆடுவதைச் சிறுவயதில் வேலியோரம் நின்று பார்த்திருக்கிறேன். போர்த்துக்கேயச் சொற்கள் கலந்த அந்தப் பாட்டுகளின் தாளம், கிடன்ஸின் நடன உருக்களைக் கேட்கும்போது என் காலில் தானாக வந்தது. இரண்டும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. வயலின் ஒரு கரையில் இறங்கி அங்கிருந்த மக்களின் தாளத்தைக் கற்றுக்கொண்ட கதை இரண்டுக்கும் பொது.

வெள்ளிக்கிழமைக்காரன் எழுதியது:

புதியவற்றை அறிவது எப்படி என்ற இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. 2015 ஜூலை முதல் உலகெங்கும் புதிய அல்பங்கள் வெள்ளிக்கிழமைகளில்தான் வெளியாகின்றன. அதற்கு முன் பிரித்தானியாவில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய் என்று நாடுதோறும் வேறுபட்டது. எனவே வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். நான் செயலியின் பரிந்துரையை நம்புவதில்லை, பெயர்களைப் பின்தொடர்கிறேன். பிடித்த அல்பத்தில் பக்கவாத்தியம் வாசித்தவர் யார் என்று பார்த்து, அவர் வேறு எதில் வாசித்திருக்கிறார் என்று தேடுவேன். இந்த இழையிலேயே பாருங்கள்: ஆசிரியை சொன்ன கானவ்யாவின் அல்பத்திலும், பாலையூற்று அன்பர் சொன்ன 'நைட் ரெய்ன்' அல்பத்திலும் விஜய் ஐயர் வாசிக்கிறார். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். அவரைப் பின்தொடர்ந்தால், ஆரூஜ் அஃப்தாப்போடும் ஷஹ்சாத் இஸ்மாயிலியோடும் 2023இல் செய்த 'லவ் இன் எக்ஸைல்' கிடைக்கும். இன்னும் ஓர் அடி வைத்தால், லிண்டா மே ஹான் ஓவும் டைஷோன் சோரியும் சேர்ந்த மூவர் குழுவின் 'கம்பாஷன்' கிடைக்கும். அது 2024இல் ஈ.சி.எம். என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. உங்கள் ஆறில் ஒரு சுத்தமான பியானோ ஜாஸ் வேண்டும் என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

வாங்குவதற்குப் பாண்ட்காம்ப் தளம் நல்லது. எண்ணிம விற்பனையில் தளம் எடுப்பது 15 வீதம்; குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் அதையும் விட்டுக்கொடுக்கிறது. வங்கி அட்டையால் செலுத்தலாம். ஒலியைச் சுருக்காத வடிவில் இறக்கி ஒரு பென்டிரைவில் வைத்துக்கொண்டால் இணையம் விழுந்தாலும் கூட்டம் நடக்கும். இறுவட்டாகவோ வைனிலாகவோ வரவழைப்பதானால் அஞ்சல் செலவும் சுங்க வரியும் தட்டின் விலையைத் தாண்டிவிடும். எனக்கு ஒருமுறை வளைந்த தட்டொன்று வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு அந்த ஆசையை விட்டுவிட்டேன்.

பாலையூற்று அன்பர் அடுக்குகளைப் பற்றிச் சொன்னபோது ஒன்று நினைவுக்கு வந்தது. ஜேர்மன் வானொலி 1984 முதல் எங்கள் மாவட்டத்தில் மறு ஒலிபரப்பு நிலையம் ஒன்றை நடத்தியது; 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்பட்டது. ஆசியா முழுவதற்கும் போன எத்தனையோ நிகழ்ச்சிகள் எங்கள் தலைக்கு மேலே கடந்து போன அதே ஆண்டுகளில், நாங்கள் மின்சாரம் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டுக்கொண்டிருந்தோம்.

சூரிச்சில் ஒரு மூதூராள் எழுதியது:

சோல் என்று கேட்டுவிட்டு எங்கள் பிள்ளையை மறக்கலாமா? பிரியா ரகு, இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குச் சுவிற்சர்லாந்தில் பிறந்தவர். 2023 ஒக்ரோபரில் அவருடைய முதல் முழு அல்பமான 'சந்தோஷம்' வெளிவந்தது. தமிழ் வீட்டுச் சத்தங்கள் ஆர் அண்ட் பி தாளத்தோடு கலந்து வருகின்றன. எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன், நிரப்புப் பாட்டு வேண்டாம் என்ற உங்கள் விதியில் அது அடிபட்டுப் போகவும் கூடும். என் மகள் கேட்கும் இசையில் நான் எழுந்து போகாமல் இருந்து கேட்ட முதல் அல்பம் அது என்பதால் எழுதுகிறேன்.

உவர்மலைக் கேட்போன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று நான்கு பேர் கூடித் தீர்மானித்துவிட்டோம். எம்டூ மொக்தார் ஒன்றுதான், 'ஃபியூனரல்'. இணை அல்பத்தை நிலாவெளிக்காரர் கொண்டுவந்து போட்டால் வடை அவருக்கு இரட்டிப்பு. மிஷெல் என்டெகியோசெல்லோ, அலிஸ் கோல்ட்ரேன், ஆரூஜ் அஃப்தாப், கிடன்ஸும் ரொபின்சனும் என்று ஐந்தாகின்றன. ஆறாவதாக எதைச் சேர்ப்பது என்பதில்தான் சண்டை வந்தது. பணம் தந்தவர் விஜய் ஐயர் என்றார், நான் 'நிலம்' என்றேன். அவர் பணம், ஆனால் என் விறாந்தை. கடைசியில் 'நிலம்' வென்றது. அதை டிசம்பருக்கு ஒதுக்கியிருக்கிறோம், வாடைக் காலத்தில் விசிறி தேவைப்படாது என்ற கணக்கில். முதலாவதாக அலிஸ் கோல்ட்ரேனைக் கேட்கப் போகிறோம். ஆசிரியை அவர்களும், பாலையூற்று அன்பரின் தாயாரும் வந்தால் முன்வரிசைக் கதிரைகள் அவர்களுக்கு.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. விறாந்தைக்குத் தகரக் கூரை. மாரி மழை அதில் விழத் தொடங்கினால் விசிறியே பரவாயில்லை என்றாகிவிடும்.

பாலையூற்றுப் பக்கம் எழுதியது:

அப்படியானால் டிசம்பருக்குக் கிடன்ஸை வையுங்கள். சில்வண்டுகளைப் பொறுத்தவர்கள் மழையையும் பொறுத்துக்கொள்வார்கள். 'நிலத்தை' மாசிக்கு மாற்றுங்கள். அப்போது மழையும் ஓய்ந்திருக்கும், கச்சானும் பிறந்திராது. அம்மா வருவதாகச் சொல்கிறார்.